கூரையில் அவருக்கு என்ன வேலை

ஸ்டோவ்னர், ஒஸ்லோ,
17.03.2024

அன்பு மச்சாள் கரோலினாவுக்கு,

நானும் மகள் நிலூஜாவும் மாதாவின் காவலில் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனை போகவில்லை. உன் தலையிடி எப்படி? முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நீ பேர்கன் ரயில் ஏறும்போது முகம் வீங்கியிருந்தது. போய்ப் படுத்தாயா, அல்லது அடுத்த நாளே வேலைக்கு ஓடினாயா?

போன் எடுக்காமல் கடிதம் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. உங்கள் வீட்டாருக்கு 'ஹலோ' சொல்லுமுன் ஒரு செருமல் இருக்கிறது. உன் அண்ணாவுக்கும் இருந்தது, உனக்கும் இருக்கிறது. அதைக் கேட்டால் பிறகு எனக்குக் கதை வராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்தி வாசி.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அவருடைய கம்பெனியின் புது மேலாளர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். சின்னப் பெடியன். பழைய மேலாளர் வருடப் பிறப்போடு விலகிப் போய்விட்டாராம். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார். நோர்வேஜிய மொழியில் நிலூதான் கதைத்தாள். மேலாளர் சொன்னது இவ்வளவுதான்: ஸ்ரனிஸ்லாஸ் எங்களிடம் படிக்கட்டுத் துப்பரவாளர். கூரைப் பனி அள்ளுவதற்கு வேறு ஆட்கள். ஸ்ரனிஸ்லாஸ் கூரையிலிருந்து விழுந்த அன்று அந்த ஆட்கள் வேறு கட்டடத்தில் நின்றார்கள். கூரையில் அவருக்கு வேலை இருக்கவில்லை. ஏன் ஏறினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. காப்பீட்டுக்காரரின் கடிதத்திலும் அதே கதைதான்.

எனக்கும் தெரியவில்லை. அவருக்குத் தலைச்சுற்று வந்த வருடம் நான் சத்தியம் வாங்கினேன், ஏணியில் கால் வைக்கக்கூடாது என்று. வீட்டில் பல்ப் மாற்றுவதும் நான்தான். அப்படிப்பட்டவர் ஐந்து மாடிக்கு மேலே என்ன செய்தார்?

அந்தக் கம்பெனியின் சம்பளக் கணக்கு உன் கையால்தானே போகிறது. 'என்ர தங்கச்சி இருக்கிறாள்' என்று அவர்தானே பழைய மேலாளரிடம் சொல்லி அந்தக் கணக்கை உங்கள் அலுவலகத்துக்கு வாங்கித் தந்தவர். உன் கொம்பியூட்டரில் அவர் என்ன வேலைக்காரராக எழுதப்பட்டிருக்கிறார் என்று பார்த்து எழுது.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

உன் மச்சாள்
மக்டலீன்


பேர்கன்,
02.04.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். நீங்களும் நிலூவும் அந்த ஞாயிறு பூசைக்குப் போனீர்களா? சீனி வருத்தத்துக்கான குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? என் தலையிடி வழமைபோலத்தான். இங்கே மழை விடவில்லை. மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை.

பிழை ஒன்றும் இல்லை, உங்கள் எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது. அண்ணாவின் எழுத்துத்தான் கோழி கிண்டியது போல இருக்கும்.

நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். பதிவில் படிக்கட்டுத் துப்பரவு என்றுதான் இருக்கிறது. இப்போது அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

நிலூவுக்கு இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு நின்ற நிலையில் நிற்கிற பிள்ளை. உங்களுக்கும் ஒரு சோடி உள்ளே இருக்கிறது, பச்சை நிறம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
கரோலினா


ஸ்டோவ்னர்,
14.04.2024

அன்பு மச்சாளுக்கு,

உன் கடிதமும் காலுறைகளும் பத்திரமாக வந்தன. பச்சையை இப்போதே போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நாங்கள் நடமாடுகிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு இருந்தால் தலையிடி ஏன் வராது?

அவருடைய அலுமாரிச் சாமான்களைக் கம்பெனி ஒரு பையில் போட்டு அனுப்பியது. தேத்தண்ணிப் போத்தல், துவாய், ஒரு செபமாலை. அடியில் ஒரு சோடிச் சப்பாத்து. நான் ஒரு நாளும் காணாத சப்பாத்து. அடியெல்லாம் இரும்புப் பல். படிக்கட்டுத் துடைக்கிறவருக்கு இரும்புப் பல் எதற்கு? மாபிள் படியைக் கீறிவிடாதா?

நீ 'என்றுதான் இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். இருப்பது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் அப்படித்தானே எழுதுவோம்?

சரி, எனக்கு ஒன்றை விளங்கப்படுத்து. ஒரு ஆள் இரண்டு வேலை செய்தால் கணக்கில் எப்படி எழுதுவார்கள்? நான் முதியோர் இல்லத்தில் காலையில் பாத்திரம் கழுவுகிறேன், மத்தியானத்துக்குப் பிறகு துணி மடிக்கிறேன். எங்கள் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன், நான் என்ன ஆள் என்று. அந்த மனுசி சிரித்துவிட்டுச் சொன்னா, 'மக்டலீன், உன் பெயருக்குக் கீழே இரண்டு வரி இருக்கிறது' என்று. சம்பளத்தாளைக் காட்டினா. உண்மைதான், குசினிக்கு ஒரு இலக்கம், துணிக்கு ஒரு இலக்கம். இவ்வளவு காலமும் நான் இரண்டு பேராக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

அவருடைய சம்பளத்தாளை ஒவ்வொரு மாதமும் நிலூவைக் கொண்டு வரி வரியாக வாசிப்பிக்கிறவள் நான். அதில் வேலைக்கு ஒரு வரிதான் இருந்தது.

பதில் எழுது. கெதியாக எழுது.

மக்டலீன்


பேர்கன்,
12.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் சுணங்கியதற்கு மன்னிக்க வேண்டும். இரண்டு கிழமை காய்ச்சல். இப்போது எழும்பிவிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி? நிலூவுக்குப் படிப்புச் சோதனை முடிந்ததா?

நீங்கள் கேட்டது இப்படித்தான் நடக்கும். ஒருவரைப் புதிதாகப் பதியும்போது கொம்பியூட்டர் ஒரு வேலைக் கோட் கேட்கும். அது ஒரு இலக்கம். அதைப் பார்த்துத்தான் அவர் என்ன வேலை செய்கிறார், அந்த வேலையில் எவ்வளவு ஆபத்து என்று காப்பீட்டுக்காரருக்குத் தெரியும். படிக்கட்டுக்கு ஒரு கோட், கூரைக்கு வேறு கோட். ஒரே ஆள் இரண்டும் செய்தால் இரண்டாவது கோட்டை நாங்கள் கையால் சேர்க்க வேண்டும். பிறகு எந்த மணித்தியாலம் எந்த வேலை என்று பிரித்துப் போட வேண்டும். சேர்க்காமல் விட்டால் எல்லா மணித்தியாலமும் முதல் கோட்டுக்குக் கீழேயே போய் விழும். கொம்பியூட்டர் ஒன்றும் கேட்காது.

இரும்புப் பல்லைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒஸ்லோவில் பனிக்கு எல்லாரும்தானே போடுகிறார்கள்.

அண்ணி, இதற்குள் மனதைப் போட்டு வருத்த வேண்டாம். நிலூவின் படிப்பைப் பாருங்கள். மே மாதம் வந்தும் இங்கே மழை. குடை முறிந்துவிட்டது.

உங்கள்
கரோலினா


ஸ்டோவ்னர்,
26.05.2024

கரோலினாவுக்கு,

காய்ச்சல் விட்டது கேட்டு ஆறுதல். மல்லி அவித்துக் குடி.

நான் உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எழுதினால் உண்மையாகிவிடும் என்ற பயம். இப்போது எழுதுகிறேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நானும் நிலூவும் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றோம். கடைவாசலில் இருக்கிற நீள வாங்கிலில் சின்னராசா அண்ணை கோப்பியோடு இருந்தார். டாக்ஸி ஓடுகிறாரே, கோயிலில் காணிக்கைத் தட்டும் பிடிக்கிறவர், அவர்தான். என்னைக் கண்டு எழும்பி வந்தார்.

'தங்கச்சி, கேக்கிறன் எண்டு குறை நினையாதை. மனிசனுக்கு ஏதும் மனக்கஷ்டம் இருந்ததோ?'

'என்ன கஷ்டம் அண்ணை?'

'இல்லை, கூரையிலை அவருக்கு வேலை இல்லையாம் எண்டு சனம் கதைக்குது. வேலை இல்லாத இடத்துக்கு ஒருத்தர் ஏன் ஏறுவார்? நான் சொல்லேல்லை, சனம் சொல்லுது. நான் அவருக்காகச் செபிக்கிறனான்.'

நான் தக்காளிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிலூ அவரைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தோடேயே கட்டிலில் இருந்து கேட்டாள்: 'அம்மா, அப்பா எங்களை விட்டிட்டுப் போகத்தான் ஏறினவரோ?'

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதில்லை. அப்பாவின் படம் இருக்கும் பக்கம் பார்க்காமல் சாப்பிடுகிறாள்.

எனக்குக் காப்பீட்டுக்காரரின் காசு வேண்டாம். எனக்குக் கை இருக்கிறது, இரண்டு வேலை இருக்கிறது. எனக்கு ஒன்றுதான் வேண்டும். அவர் வேலைக்குத்தான் ஏறினார் என்று தெரிந்த ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். என் பிள்ளை அதைக் கேட்க வேண்டும்.

உனக்குத் தெரிந்தால் தெரியும் என்று எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. இரண்டும் இல்லாமல் மழையைப் பற்றி எழுதாதே.

மக்டலீன்


பேர்கன்,
01.06.2024

அண்ணி,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேரே எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். அண்ணா வேலைக்குத்தான் ஏறினார். அவர் கூரைப் பனி அள்ளிய இரண்டாவது பனிக்காலம் அது. முதல் வருடம் கார்த்திகையில் பழைய மேலாளர் எனக்கு எழுதினார்: ஸ்ரனிஸ்லாஸ் இனிக் கூரைப் பனியும் அள்ளுவார், இரண்டாவது கோட்டைச் சேர்த்துவிடு என்று. அன்று பின்னேரமே அண்ணா போன் எடுத்தார்.

'எடி கரோ, உந்தக் கோட்டைப் போட்டிடாதை.'

'ஏன் அண்ணா? போடத்தானே வேணும்.'

'போட்டால் சம்பளத்தாளிலை ரெண்டு வரி வரும். உன்ர அண்ணி பிள்ளையைக் கொண்டு வரி வரியா வாசிப்பிக்கிறவ. கூரை எண்டு ஒரு சொல்லு அவவின்ர காதிலை விழுந்தால் எனக்குச் சோறு இல்லை.'

'உங்களுக்குத் தலைச்சுற்று எல்லே?'

'அது எப்பவோ போயிட்டுது. கயிறு கட்டித்தான் ஏறுறனான். நீ அவவை ஏன் வீணாப் பயப்பிடுத்திறாய்?'

நான் சிரித்தேன் அண்ணி. பகிடி போல இருந்தது. கூரை மணித்தியாலங்களையும் துப்பரவுக்குக் கீழே போட்டு, கூடுதல் சம்பளத்தை மேலதிக நேரம் என்று எழுதினேன். இரண்டு பனிக்காலமும் அப்படித்தான். நீங்கள் பயப்படக்கூடாது என்று நினைத்தேன். அந்தப் பகிடி எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் யோசிக்கவில்லை. அவர் போன பிறகு வாயைத் திறக்க வேலையை நினைத்துப் பயந்தேன். அதைவிட உங்களுக்குப் பயந்தேன். ஆனால் சனம் இப்படிக் கதைக்கிறது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அன்று ஏன் தனியாக ஏறினார், கயிறு கட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதுகிறேன்.

நிலூவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஒருமுறை அண்ணாவிடம் கேட்டேன், அந்த வேலையில் என்ன கண்டீர்கள் என்று. அவர் சொன்னார்: 'படிக்கட்டிலை நான் குனிஞ்சு நிக்கேக்கை சனம் என்னைத் தாண்டிப் போகும். வாளியைக் கொஞ்சம் அங்காலை வை எண்டு காலாலை தள்ளும். கூரையிலை நிண்டால், பனியைத் தள்ள முதல் கீழை ஒருத்தன் விசில் ஊதுவான். றோட்டிலை போற அவ்வளவு சனமும் நிண்டு அண்ணாந்து என்னைப் பாக்கும். நான் கை காட்டினால்தான் போகும். கோட் சூட் போட்டவனும் நிப்பான். அதுதானடி சந்தோசம்.'

சாகப் போகிற மனிதன் இப்படிக் கதைக்கமாட்டான். அவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை என் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

கரோலினா


பேர்கன்,
30.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் நிலூவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். உங்கள் பதில் வரவில்லை. வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

சொல்லிவிட்டேன். என் மேலாளர் சத்தம் போடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினா. பிறகு நாங்கள் இரண்டு பேரும் இருந்து, அண்ணாவின் பெயரைத் திறந்து, இரண்டாவது கோட்டைச் சேர்த்தோம். ஒவ்வொரு மாதமாகப் போய் மணித்தியாலங்களைப் பிரித்தோம். திருத்தியது யார், ஏன் என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் என் பெயரை எழுதினேன். பழைய மேலாளர் எனக்கு எழுதியதையும் சேர்த்துக் கம்பெனிக்கும் காப்பீட்டுக்காரருக்கும் அனுப்பியாகிவிட்டது.

என்னைச் சம்பளப் பகுதியில் இருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்.

கோடைதானே என்று குளிசையை மறக்க வேண்டாம்.

கரோலினா


ஸ்டோவ்னர்,
08.09.2024

அன்புள்ள மாமிக்கு,

நான் நிலூஜா. நான் சுகம், அம்மாவும் சுகம். நீங்கள் சுகமா? என்ர தமிழ் எழுத்துக்குச் சிரிக்க வேண்டாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் பின் வாங்கிலில் இருந்து போனில் விளையாடினனான்.

அம்மா உங்களோடு கோபம். நல்ல கோபம். கடிதம் வந்த அண்டைக்கு அம்மா சமைக்கவே இல்லை. என்னிடம் தந்து 'வாசி' எண்டா. நான் வாசிச்சன். அப்பா கை காட்டினால்தான் சனம் போகும் எண்ட இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்தது. அப்பா அப்பிடித்தான். வீட்டிலும் விசில் ஊதினால் நல்லா இருக்கும் எண்டு நினைச்சிருப்பார்.

போன கிழமை காப்பீட்டுக்காரரின் பதில் வந்தது. நீங்கள் திருத்தி அனுப்பினதைப் பார்த்துவிட்டு அவையள் அந்தக் கட்டடத்துப் பராமரிப்பாளரிடம் விசாரிச்சிருக்கினம். முதல் ஒருத்தரும் அவரைக் கேக்கேல்லையாம். அவர் சொல்லியிருக்கிறார், வாசலுக்கு மேல பனி தொங்கினது, அதுக்குக் கீழாலதான் குழந்தைகள் பாலர் பள்ளிக்குப் போறவை, அதனால அப்பாவின்ர போனுக்கு நேர எடுத்தவர் எண்டு. ரெண்டு பனிக்காலமும் அப்பாதான் வந்தவராம். அதனால அப்பாவைத்தான் கூப்பிட்டவராம். குழந்தைகள் வெளியில வர நேரமாயிட்டுது எண்டு அப்பா கயிறு எடுக்கத் திரும்பிப் போகேல்லையாம். அப்பா வேலையில் நிண்டபோதுதான் விழுந்தவர் எண்டு எழுதியிருக்கினம். அம்மா என்னைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னா. நோர்வேஜிய மொழியிலும் வாசிக்கச் சொன்னா, முழுக்க விளங்காவிட்டாலும் கேக்கவேணுமாம்.

பிறகு முகம் கழுவி, சேலை உடுத்து, கடைத்தொகுதிக்குப் போனா. நானும் பின்னால ஓடினன். சின்னராசா மாமா அதே வாங்கிலில் இருந்தார்.

அம்மா: 'அண்ணை, அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கினம். குழந்தையள் போற வாசலிலை பனி தொங்கினதாம். எழுத்திலை வந்திட்டுது.'

சின்னராசா மாமா: 'அப்பிடியோ தங்கச்சி. நான் அண்டைக்கே நினைச்சனான்.'

அம்மா: 'நீங்கள் நினைச்சது வேறை அண்ணை. செபத்தை விட்டிடாதேங்கோ, இனி உங்களுக்காகச் செபியுங்கோ.'

அவருக்குக் கோப்பி புரைக்கேறியிட்டுது. நான் அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு டி-பானே ரயில் நிலையப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தன்.

ஞாயிறு நான் கோயிலுக்குப் போனனான். இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதவில்லை. தபால் முத்திரை அம்மாதான் தந்தவ. 'நீ எழுது, நான் இன்னும் எழுதமாட்டன்' எண்டு சொன்னா. 'இன்னும்' எண்டதைக் கவனியுங்கோ மாமி.

உங்கட
நிலூ


ஸ்டோவ்னர்,
17.11.2024

கரோலினாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

இன்று காலை பனி கொட்டியது. முதியோர் இல்லத்துக்கு எதிர்க் கட்டடத்தில் ஆட்கள் கூரைக்கு ஏறிவிட்டார்கள். கீழே ஒருவன் விசில் ஊதினான். நான் நின்றேன். எல்லாரும் நின்றார்கள். மேலே ஒருவன் கை காட்டினான், போனோம். வேலைக்குப் பிந்திவிட்டேன். பொறுப்பாளர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனுசிக்குத் தெரியும்.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றினீர்கள். அவர் செய்தது ஒரு மாதிரி. ஆனால் அவர் போன பிறகும் நீ மாசி முடிய, பங்குனி, சித்திரை, வைகாசி என்று பேசாமல் இருந்தாயே, அதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. என் பிள்ளை தகப்பனின் படத்தைப் பார்க்காமல் சாப்பிட்டதும் அந்த மாதங்களில்தான். கோடை முழுவதும் உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஏச்சு நிறைய வந்தது, எழுதவில்லை. பத்தாவது தரம் ஏசும்போது எனக்கே அலுத்துவிட்டது.

பல்ப் மாற்ற நான் ஏறும்போது அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று சிரிப்பார். 'என்ன சிரிப்பு?' என்று கேட்டால், 'ஒண்டுமில்லையப்பா, நீ வடிவா ஏறுறாய்' என்பார். ஐந்து மாடி ஏறுகிற மனிதன் மூன்று படி ஏறுகிற என்னைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதை நினைத்து முதலில் கோபம் வந்தது. இப்போது சிரிப்பு வருகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

நான் சத்தியம் வாங்காமல் இருந்திருந்தால் அவர் உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். அது என் பங்கு. இதைச் சொல்வதால் உன் பங்கு குறைந்துவிடாது. இரண்டும் இருக்கட்டும்.

உன் வேலை என்ன ஆயிற்று? நிலூ கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

மக்டலீன்


பேர்கன்,
15.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைத் தபாற்பெட்டியில் கண்டு படியிலேயே இருந்து வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல சுகம் என்று சொன்னேன்.

அந்த அலுவலகத்தை நானே விட்டுவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரிக் குசினியில் நிற்கிறேன். பாண் வெட்டுகிறேன், தட்டு அடுக்குகிறேன். கால் நோகிறது, ஆனால் தலையிடி குறைவு. முதல் நாளே கேட்டேன், எனக்கு எத்தனை கோட் போட்டிருக்கிறீர்கள் என்று. அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஆண்டுத் திருப்பலி மாசி ஒன்பதாம் திகதி ஞாயிறு என்று நிலூ எழுதினாள். வருகிறேன் அண்ணி. ஆனால் வீட்டார் இருக்கும் முதல் வரிசைக்கு வர எனக்கு முகம் இல்லை. பின்னால் தூணோடு நின்று பூசை கண்டுவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் ரயில் ஏறிவிடுகிறேன். உங்களை இன்னொரு தரம் சனத்தின் வாயில் விழுத்தமாட்டேன்.

பாலன் பிறப்புக்கு நிலூவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறேன்.

உங்கள்
கரோலினா


ஸ்டோவ்னர்,
12.01.2025

என் அன்பு மச்சாள் கரோலினாவுக்கு,

புது வருடத்தில் ஆண்டவர் உன் கால் நோவை எடுத்துவிடட்டும். என் முழங்காலையும் கொஞ்சம் பார்க்கட்டும். சால்வை வந்தது. நிலூ வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

தூணோடு நிற்கிற கதையை விடு. நான் பங்குச் சாமியாரிடம் போய்க் கதைத்துவிட்டேன். அன்றைக்கு விசுவாசிகள் மன்றாட்டில் முதல் மன்றாட்டை வீட்டார் வாசிக்கலாம் என்று சொன்னார். நிலூவைக் கேட்டேன், 'மாமி வாசிக்கட்டும்' என்கிறாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அதனால் நீ முன்னுக்கு வந்துதான் ஆக வேண்டும், மேடைக்கு ஏற வேண்டும்.

சாமியார் எழுதித் தந்த தாளில் 'எம்மை விட்டுப் பிரிந்த ஸ்ரனிஸ்லாசுக்காக' என்று மட்டும்தான் இருந்தது. நான் போதாது என்று சொன்னேன். 'இதுக்கு மேலை என்ன அம்மா சேர்க்க?' என்று கேட்டார். 'அவர் செய்த வேலையைச் சேருங்கோ சுவாமி' என்றேன். 'மன்றாட்டிலை தொழில் சொல்லுற வழக்கம் இல்லையே' என்றார். 'இந்த ஒருக்கால் சொல்லுங்கோ' என்றேன். பேனையை என்னிடம் தந்துவிட்டார். நானே எழுதினேன். நீ வாசிக்க வேண்டியது இதுதான்:

'படிக்கட்டுத் துப்பரவாளராகவும், கூரையில் பனி அள்ளுபவராகவும் வேலை செய்து, அந்த வேலையிலேயே தன் உயிரைக் கொடுத்த எங்கள் ஸ்ரனிஸ்லாசுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.'

இரண்டு வேலையையும் வாசி. ஒன்றையும் விழுங்காதே. சின்னராசா அண்ணை தட்டோடு நடுவில் நிற்பார், அவருக்கும் கேட்க வேண்டும். குரல் நடுங்கினால் நின்று, திரும்ப முதலில் இருந்து வாசி. சனம் காத்துக்கொண்டு நிற்கும். நானும் நிலூவும் இரண்டு பக்கமும் உன்னோடு மேடையில் நிற்கிறோம்.

வெள்ளிக்கிழமையே ரயில் ஏறு. சமையலுக்கு ஆள் வேண்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
மக்டலீன்